துவைக்காத துணி

"நாப்பத்தி ரெண்டு வயசு ஆம்பளைக்கு சட்டைகூட இவதான் எடுத்து வைக்கணுமா? அவனா ஒண்ண எடுத்து மாட்டிக்கிட்டா என்ன, வானம் இடிஞ்சு விழுந்துடுமா..."

நாத்தனார் இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. ஆனால் அவளுடைய வாய் அவளுக்கு முன்பே விழித்துக்கொள்ளும் வாய். தம்பி புது ஊரில் குடியேறியிருக்கிறான், கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று வெள்ளிக்கிழமை வந்திறங்கினாள். அன்றிலிருந்து இந்தச் செவ்வாய்க்கிழமை வரை அவள் செய்த ஒத்தாசை, உட்கார்ந்த இடத்திலிருந்து குறை கண்டுபிடித்தது.

"பாசம்னு நெனச்சியா? அதிகாரம்டி அது" என்று மாமியார் சோபாவிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இப்படித்தான். கால்ல போடற சாக்ஸ் வரைக்கும் இவ இஷ்டம்."

ஷேடக்கா கட்டிலின் மேல் சாம்பல் நிறச் சட்டையையும் கறுப்புப் பேண்ட்டையும் விரித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பதினாறு வருடமாக இந்தப் பேச்சுக்கு அவள் பதில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒருவன் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது.

ஷேடக்கா என்பது பழைய ஆலையில் எல்லோரும் கூப்பிட்ட பெயர். துணிக்குச் சாயம் போடும் ஆலை அது; நிறத்தின் சாயலை அங்கே ஷேடு என்பார்கள். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே நிறத்தில் வேண்டும் என்பார். லேபில் சாயத்தை ஆறேழு விதமாகக் கலந்து, சின்னச் சின்னத் துண்டுகளில் போட்டுப் பார்ப்பார்கள். அவற்றில் எது அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். ஆனால் கடைசி வார்த்தை மனிதக் கண்ணுடையதுதான். பதினான்கு வருடத்தில் அவள் சரி என்று சொல்லி அனுப்பிய துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அதே லேபில் அதிகாரி அவள் கணவன். அவனுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்று. சிவப்பு கொஞ்சம் மங்கினால் அதுவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். பிறவியிலேயே கண் அப்படி. கல்யாணமான மூன்றாம் மாதம், "உனக்குப் பிடிச்ச பழுப்புல புடவை" என்று அவன் ஆசையாக நீட்டியது நல்ல பாசிப் பச்சை. அவள் சிரித்துக்கொண்டே சொன்னதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று பிடித்த கையை அவள் அதற்குப் பிறகு விடவே இல்லை. அசடு.

லேபில் அவள் பக்கத்தில் வந்து நின்று, எந்தத் துண்டைக் கட்டை விரலால் தொடுகிறாளோ அதைப் பார்த்து அவன் தலையாட்டுவான். லேபின் தலைமைப் பதவி அவளுக்கு வந்தபோது, "வீட்டையும் பாத்துக்கணும் சார், என்னால முடியாது" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். பதவி அவனுக்குப் போனது. வீட்டில் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். "நீயும் அதே எடத்துலதான வேலை பாக்கற? அவன் எங்க, நீ எங்க" என்று மாமியார் கேட்டாள். 

பிறகு வந்தது இந்தப் புது வேலை. நாட்டின் மறுகோடியில் பெரிய ஆலை, பெரிய பதவி. ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. புத்தியுள்ள எவனும் அந்த இடத்திலேயே வேண்டாம் என்றிருப்பான். இவன், "நீ வேலைய விட்டுட்டு வா. சாம்பிள நான் வீட்டுக்குக் கொண்டு வந்துடறேன். காலைல பாத்துச் சொல்லிடு, அவ்வளவுதான" என்றான், கீரை ஆய்ந்து தரச் சொல்வதுபோல. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பழைய ஊரில் விடுதியில் சேர்த்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தில் குடும்பக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவளும் மூட்டை கட்டினாள். மூன்று நாள் லாரியில் வந்த சாமான்களில் பாதி இன்னும் அட்டைப் பெட்டிகளிலேயே கிடந்தன.

வீட்டைப் பார்த்து முடிவு செய்தவன் அவன். முதல் மாடி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பச்சை பிளாஸ்டிக் தகட்டில் கூரை போட்டிருந்தார்கள்; உள்ளே வரும் வெளிச்சமெல்லாம் பச்சை. வெயில் நேராக அடிக்காத, சாயம் கலக்காத வெளிச்சம் ஒரே ஓர் அறை ஜன்னலில் மட்டும்தான் வந்தது. அது மாமியாரின் அறை. முதல் இரண்டு வாரம் ஷேடக்கா தினமும் காலையில் அங்கே போய் நின்று துணித் துண்டுகளைப் பார்த்துச் சொன்னாள். கம்பெனி ரகசியம், யாரும் பார்க்கக் கூடாது என்று கணவன் சொல்லி வைத்திருந்ததால் யாரிடமும் எதுவும் விளக்கவில்லை.

நாத்தனார் வந்த மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். "காலங்காத்தால துணியும் கையுமா ஜன்னல்ல போய் நிக்கறாளே... எதிர் வீட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரும்பு பீரோ நகர்ந்துபோய் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

"அந்த ஜன்னல் வெளிச்சம் வேணும் அத்தை" என்றாள் ஷேடக்கா.

"வெளிச்சத்த வச்சு என்ன பண்ணப் போற? பரீட்சைக்குப் படிக்கப் போறியா?"

பீரோவுக்குத் தோள் கொடுத்துத் தள்ளியவன் கணவன்தான். அக்கா மனசு நோகக் கூடாதாம். தன் பிழைப்புக்கு இருந்த ஒரே வெளிச்சத்தை மூச்சு வாங்கத் தானே அடைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்தப் புத்திசாலியை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோ செவ்வாய்க்கிழமை. எடுத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். காவலாளிகளின் சீருடைக்கு வந்த பெரிய ஆர்டர். வாடிக்கையாளர் கொடுத்த ஆலிவ் பச்சைத் துண்டின் பாதி, லேபில் சாயம் போட்ட ஆறு துண்டுகள், பின்பக்கம் எண்கள்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். ட்யூப் லைட்டின் கீழே பிடித்தாள்.

"மூணும் அஞ்சும் இந்த வெளிச்சத்துல ஒண்ணாத் தெரியுது. ரெண்டுல ஒண்ணுலதான் சிவப்பு தூக்கலா இருக்கணும். பச்சை வெளிச்சம் அத முழுங்கிடும். இங்க வச்சு என்னால சொல்ல முடியாது."

"என்ன வெளாடறியா? வண்டி வந்துடுச்சு."

"வண்டிய அனுப்பிடுங்க. தெருவுல வச்சு ரெண்டு நிமிஷம் பாத்துடறேன். நீங்க ஆட்டோல போங்க."

"வண்டில லேப் ஆளுங்க நாலு பேர் உக்காந்திருக்கான். தெருவுல நின்னு என் பொண்டாட்டி சாம்பிள் பாக்கறத அவனுங்க பாக்கணுமா?"

"அப்ப லேப்ல லைட் பாக்ஸ் வெளிச்சத்துல வச்சு அவங்கள்ல ஒருத்தரப் பாக்கச் சொல்லுங்க. யாரும் பாக்காம துணிய சாயத்துல ஓட்டிடாதீங்க... கையெடுத்துக் கும்பிடறேன்."

"ஒண்ணாத்தான தெரியுது? அப்ப ஏதோ ஒண்ணு" என்று அவன் உறையைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான். "வர வர உனக்கும் மவுசு ஏறிப் போச்சு."

அவன் மூன்றாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தான்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் நம்பரில் ஓட்டிய மொத்தத் துணியும் பழுப்படித்து வந்திருக்கிறது. வாடிக்கையாளர் ஒரே பார்வையில் திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜர் நாளைக் காலைக்குள் விளக்கம் கேட்டிருக்கிறாள்.

"இவளாலதான்" என்று அவன் சமையலறைப் பக்கம் கையை நீட்டினான். "வீட்டுல வச்சிருந்த சாம்பிள இவ எடுத்துப் பாத்தா. இவ சொன்னத நம்பி ஏமாந்துட்டேன்."

"நான் சொல்ல முடியாதுன்னுதான சொன்னேன்..."

"பாத்தியாம்மா, வாய!" நாத்தனார் எழுந்தே விட்டாள். "அவன் முன்னுக்கு வர்றது பொறுக்கல இவளுக்கு. இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்தே மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கா. அவன் வேலைக்கு உலை வச்சா பழையபடி அங்கயே ஓடிடலாம்னு கணக்கு."

கணவன் அதை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தான் யோசித்து வைத்திருந்த வழியைச் சொன்னான். ஷேடக்கா நாளை ஆலைக்கு வந்து மேனேஜரிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துணி துவைக்கும்போது அவன் பேண்ட் பையில் இருந்த சாம்பிளும் சேர்ந்து ஊறிவிட்டது, நிறம் மாறியது தெரியாமல் காய வைத்துத் திருப்பி வைத்துவிட்டேன் என்று. வீட்டுப் பெண் செய்த தவறு என்றால் மன்னித்து விட்டுவிடுவார்களாம்.

 வாடிக்கையாளரின் சாம்பிளில் வியர்வைக் கைகூடப் படாமல் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் அவள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. சாயத் தொழிலில் ஒருத்தி, சாம்பிளைத் துவைத்துவிட்டேன் என்று ஒரு முறை சொன்னால் போதும். அதற்குப் பிறகு அவளை எந்த லேபும் வாசலில்கூட நிற்க விடாது.

"நானும் ஷேடு பாக்கறவதாங்க. என்னிக்காவது திரும்ப வேலைக்குப் போகணும்னா..."

"நீ வேலைக்குப் போயித்தான் இந்த வீட்டுல அடுப்பு எரியணுமா?" என்றாள் மாமியார். "புருஷனுக்காக ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சிடுவ? நான் ஆயிரம் சொல்லியிருக்கேன்."

அவன் எழுந்து வந்து, பதினாறு வருடத்துக்கு முன் பிடித்த அதே மாதிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். அவனுக்கு அந்த ஒரு வித்தைதான் தெரியும். அவள் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மாமியாரும் கூடவே கிளம்பினாள். "நீ பாதில பேச்ச மாத்திடுவ. நான் பக்கத்துல இருக்கேன்."

ஆலை லேப் பெரியது. நடுவில் நீள மேஜை, ஓரத்தில் லைட் பாக்ஸ், சுவரோரம் தலையை நிமிர்த்தாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர். பக்கத்துக் கண்ணாடி அறையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வெட்டிப் பேச்சு பேசாத முகம். மேஜையில் வாடிக்கையாளர் சாம்பிளின் இரண்டு பாதிகளும், கெட்டுப்போன துணியில் ஒரு முழத் துண்டும் இருந்தன.

"சொல்லுங்கம்மா. சாம்பிளுக்கு என்ன ஆச்சு?"

"துவைக்கும்போது..." என்று ஷேடக்கா ஆரம்பித்தாள்.  "இவரு பேண்ட்டு பையில இருந்தது... தண்ணில சேந்து ஊறி..."

"இதுதான் வீட்டுக்கு வந்த பாதி. இதா ஊறிச்சு?" மேனேஜர் துண்டை நீட்டினாள்.

அவள் வாங்கினாள். வாங்கியிருக்கக் கூடாது. துணி கைக்கு வந்ததும் விரல்கள் அவளைக் கேட்காமலே அதன் ஓரத்தை நெருடின, மடித்துப் பார்த்தன. கண் தானாக இன்னொரு பாதிக்குப் போய் வந்தது. அந்தக் கண்ணாடி அறையில் நல்ல வெளிச்சம். பீரோ நகர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வெளிச்சத்தில் அவள் நின்றதில்லை.

"இல்லம்மா" என்றாள். "இது தண்ணியே படாத துணி. கஞ்சி அப்படியே இருக்கு. ரெண்டு பாதியும் ஒரே நிறம்." கெட்டுப்போன துணியைத் தொட்டாள். "தப்பு இதுலதான். சிவப்பு ஏறியிருக்கு. மூணாம் நம்பர ஓட்டியிருக்காங்க. அஞ்ச ஓட்டியிருக்கணும்."

"ஏய்" என்று மாமியார் அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"இவளுக்கு என்ன மேடம் தெரியும்?" கணவன் சிரிக்க முயன்றான். "அடுப்படில நிக்கறவ, ஏதோ ஒளர்றா. துணில சிவப்பே கிடையாது. நான் பாத்துத்தான் ஓட்டினேன்."

மேனேஜர் அவனை ஒரு கணம் பார்த்தாள். லேபிலிருந்து ஆறு துண்டுகளையும் வரவழைத்து, எண் தெரியாமல் கவிழ்த்துக் கலைத்து அவன் முன் பரப்பினாள்.

"சரி சார், பாத்துத்தான ஓட்டினீங்க. இதுல எது மூணு, எது அஞ்சுன்னு எடுத்துக் குடுங்க."

அவன் குனிந்தான். ஒன்றைத் தொட்டான், விட்டான். இன்னொன்றைத் தொட்டான். பழக்கம் விடவில்லை, ஓரக் கண்ணால் மனைவியின் கட்டை விரலைத் தேடினான். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் காதோரம் வியர்த்து வழிந்தது.

"அவனக் கேக்காதீங்கம்மா..."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"அவனுக்குத் தெரியாது. சின்ன வயசுலேர்ந்தே தெரியாது. தக்காளி பறிச்சிட்டு வாடான்னா பாதி காயாக் கொண்டு வருவான். டாக்டர்கிட்ட காட்டினேன், இது மாறவே மாறாதுன்னுட்டாரு. வெளில தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்னு மூடி வச்சேன்..."

 ஷேடக்கா மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியும்."

"நான் சட்டை எடுத்து வச்சது, ஜன்னல்ல நின்னது எதுக்குன்னு?"

"தெரியும்டி... நீ ஒவ்வொரு நாளும் எடுத்து வைக்கறப்போ எனக்கு ஒரே நெனப்புதான். இவளுக்குத் தெரிஞ்சு போச்சே, என்னிக்காவது நாலு பேரு முன்னாடி சொல்லிக் காட்டிடுவாளேன்னு. நீ நிமிந்தா சொல்லிடுவன்னு பயம். அதான்... உன்ன நிமிரவே விடல."

பதினாறு வருடத்து ஏச்சும் பேச்சும் இதற்குத்தானா? ஷேடக்காவுக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. எதிர் வீட்டைப் பார்க்கிறாள் என்று சொன்னபோதுகூட, எதற்காக ஜன்னலில் நிற்கிறாள் என்று தெரிந்தே இவள் பீரோவைத் தள்ளச் சொல்லியிருக்கிறாள்.

"என்னக் குனிய வச்சா உங்க புள்ளை கண்ணு சரியாயிடுமா அத்தை?"

மாமியார் வாய்விட்டு அழுதுகொண்டே அவள் தோளில் வந்து சாய்ந்தாள். ஷேடக்கா கையைப் பின்னால் கட்டியபடியே நின்றாள். கிழவியின் முழு பாரமும் மேலே விழுந்தபோதுதான் கட்டியிருந்த கையை எடுத்து முதுகில் வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருமா சேந்து என்ன அசிங்கப்படுத்தறீங்க" என்றான் கணவன்.

அவள் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்க கண்ண நான் ஒரு நாளும் கேவலமா நெனச்சதில்லங்க. அது நீங்க கேட்டு வாங்கினதில்ல. ஆனா நேத்து எல்லாருக்கும் முன்னாடி என் பேர எடுத்துக் குடுத்தீங்களே... அது நீங்களா யோசிச்சு, நீங்களா செஞ்சது. அத நெனச்சாத்தான் உங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல."

 அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இந்த முறை அவள் கையைப் பிடிக்க அவன் வரவில்லை. அவளும் நீட்டவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினாள். "சார் இனிமே நிறம் பாக்கற வேலைல இருக்க முடியாது. கெமிஸ்ட்ரி படிச்சவரு, சாயப் பொடி எடை போடற பிரிவுல ஆள் இல்ல, அங்க போகட்டும். அது வேற பிரிவு. அதனால விதிய மீறாம நான் உங்கள ஒண்ணு கேக்கலாம்." ஷேடக்காவைப் பார்த்தாள். "அந்தத் துணியக் காப்பாத்த முடியுமா?"

"முடியும்மா. மேல கொஞ்சம் நீலமும் மஞ்சளும் போட்டா சிவப்பு அடங்கும். ஒரு பொட்டு அடர்த்தியாகும், அத வாடிக்கையாளர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடணும். ஒத்துக்கலேன்னா சாயத்த உரிச்சிட்டு மொதல்லேர்ந்து போடலாம்."

"எப்ப வேலைக்கு வர்றீங்க?"

"இப்பவே. ஆனா ஒண்ணு... வெளில இருக்கற நாலு பேருக்கும் இவரே போயி சொல்லணும். எதனால தப்பாச்சுன்னு. நான் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷமா சொல்லாததுக்கு என்ன மரியாதை கிடைச்சுதுன்னு பாத்துட்டேன்."

அவன் போய்ச் சொன்னான். முதலில் முனகினான், கேட்கவில்லை என்று ஒருவன் சொன்னதும் இன்னொரு முறை உரக்கச் சொன்னான். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா நாங்களே பாத்திருப்போமே சார்" என்றான் ஒருவன். இத்தனை வருடமாக ஒரு குடும்பமே கட்டிக் காத்த ரகசியம் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது.

மாமியாரின் போன் அடித்தது. நாத்தனார்தான். மதியச் சமையலுக்கு நேரமாகிறது, ஷேடக்கா எப்போது வருவாள் என்று கேட்டது வெளியே வரை கேட்டது.

"அவ வரமாட்டா. அவளுக்கு வேலை இருக்கு" என்றாள் மாமியார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உனக்குக் கை இருக்கில்ல? அடுப்ப நீ பத்த வை." போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். ஷேடக்கா சிரிக்கவில்லை. மாமியாரும் அதை எதிர்பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

ஷேடக்கா ஏப்ரன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். தாளில் அளவுகளை எழுதினாள். எடை போடும் மேஜைக்குப் பின்னால் கணவன் வந்து நின்றான். கண் இன்னும் சிவந்திருந்தது. அவள் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எடை போடத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"எழுதியிருக்கறதுக்கு மேல ஒரு சிட்டிகை கூடாது. கொறையவும் கூடாது. நீங்களா எதையும் முடிவு பண்ணாதீங்க."

அவன் தலையாட்டினான். டப்பாவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பொடியாகத் தராசில் போட்டு, கிண்ணங்களை வரிசையாக அவள் முன் வைத்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் ஒவ்வொன்றையும் எடுத்துத் தன் கையால் இன்னொரு முறை எடை போட்டுப் பார்த்தாள்.